சிலருக்குச் சங்கடமாக இருக்குமாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 74 வயது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் 33 வருஷம் தையல் மிஷின் ஓட்டினவள். என் வயதில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அப்பா சாயங்கால வேளைகளில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். மிச்சத்தை வேதாகமம் சொல்லிக் கொடுத்தது. அதனால் என் எழுத்தில் பழைய மொழிபெயர்ப்பின் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பத்திரிகையைப் பேத்தி கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கித் தருகிறாள், ஞாயிறு மத்தியானம் படிப்பேன்.

சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இதழில் திருச்சபைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. வேதத்தைப் பெண்கள் பக்கமும் கறுப்பர்கள் பக்கமும் நின்று வாசிக்கிற பெண்ணிய இறையியல், கறுப்பு இறையியல் எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, சுவிசேஷத்துக்கு நிறமும் கிடையாது, ஆண் பெண் வித்தியாசமும் கிடையாது, இவற்றைப் பேசினால் எளிய விசுவாசிகளின் மனம் புண்படும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த எளிய விசுவாசி என்கிறது என்னைப் போன்றவர்களைத்தானே? நான் இருக்கும்போது எனக்காக அவர் ஏன் புண்பட வேண்டும் என்று தோன்றியது. அதனால் இந்தக் கடிதம்.

முதலில் குவளைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற ஆராதனை. ஒரே பாத்திரத்தில் குடிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கட்டைவிரல் உயரத்தில் கண்ணாடிக் குவளைகள், துளை போட்ட தட்டில் அடுக்கி வரும். ஒரு தட்டுக்கு 40, மொத்தம் மூன்று தட்டு. 1986லிருந்து அவற்றைக் கழுவி வந்தது நான். கூட இரண்டு பேர் இருந்தார்கள், ஒருத்தி செத்துப்போனாள், ஒருத்தி மகளோடு ஜோகன்னஸ்பர்க் போய்விட்டாள். திராட்சை ரசம் காய்ந்தால் அடியில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். பஞ்சு உள்ளே நுழையாது. சுண்டுவிரலில் மெல்லிய துணியைச் சுற்றி ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். 120 குவளைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். நான் வேண்டாவெறுப்பாகச் செய்யவில்லை. பிடித்துத்தான் செய்தேன். அந்த நேரத்தில் ஜெபமும் ஓடும், பாட்டும் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டுகளைக் கோட்டுப் போட்ட ஆண்கள் தூக்கி வருவார்கள். பெண்கள் தூக்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. தூக்கியதில்லை, அவ்வளவுதான். 2018இல் ஒரு ஞாயிறு, தட்டு தூக்குகிறவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் ஊரில் இல்லை. பாஸ்டர் சுற்றிப் பார்த்தார். முந்தின வருஷம்தான் ஞானஸ்நானம் எடுத்திருந்த ஒரு பையன், 19 வயது, அவனைக் கூப்பிட்டார். அவன் கை நடுங்கியதில் நாலைந்து குவளை சரிந்து முன்வரிசை அம்மாவின் சேலையெல்லாம் ரசம். கழுவுகிற கைக்குத் தட்டு பாரமா என்று எனக்கு அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்கத் தோன்றியது. 67 வயதில்! தாமதம்தான்.

பாஸ்டரிடமே போய்க் கேட்டேன். அவர் நல்ல மனிதர். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது 19 நாளும் வந்து பார்த்தவர். அவர் சொன்னார்: "ஆன்ட்டி, எனக்கு ஒரு ஆட்சேபனையும் கிடையாது. சிலருக்குச் சங்கடமாக இருக்கும்."

சரி என்று வந்துவிட்டேன். ஆனால் இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று மனது அரித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒழுங்காகச் சொல்லித்தராத சரித்திரம் அது.

கேப் மாகாணத்தில் டச்சு சீர்திருத்த சபை என்று வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பெரிய சபை. 1829இல் அவர்களுடைய பேரவையில் ஒரு கேள்வி வந்தது. நிறமுள்ள விசுவாசிகளுக்குத் திருவிருந்தைத் தனியாகக் கொடுக்கலாமா? கூடாது, எல்லாருக்கும் பேதமில்லாமல் ஒரே பந்தி என்று அன்றைக்குத் தீர்மானித்தார்கள். 28 வருஷம் கழித்து, 1857இல், அதே பேரவை என்ன சொன்னது தெரியுமா? எல்லாரும் ஒரே சபையாக இருப்பதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஏற்றது. ஆனாலும் சிலருடைய பலவீனத்தினிமித்தம் அது ஊழியத்துக்கு இடைஞ்சலானால், தனிக் கட்டடத்தில் வைத்துக்கொள்ளலாம். கவனியுங்கள், யாரும் "கறுப்பன் வேண்டாம்" என்று சொல்லவில்லை. எனக்கு ஆட்சேபனையில்லை, சிலருக்குச் சங்கடம் என்றுதான் சொன்னார்கள். அந்தச் சலுகை 1881இல் நிறமுள்ளவர்களுக்கென்று (கலப்பினத்தவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) தனிச் சபையாகியது, அதன்பிறகு கறுப்பர்களுக்கு ஒன்று, 1968இல் எங்கள் இந்தியர்களுக்கும் ஒன்று. நூறு வருஷத்துக்குள் அந்தச் "சிலருடைய பலவீனம்" ஒரு நாட்டின் சட்டமாகவே ஆகிவிட்டது.

அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நாங்கள் டர்பனில் காட்டோ மேனர் என்ற இடத்தில் இருந்தோம். எந்த இனம் எங்கே குடியிருக்க வேண்டும் என்று பிரிக்கிற குழுப் பகுதிகள் சட்டம் 1950இல் வந்து, எனக்கு 13 வயதில், 1964இல், லாரியில் சாமான் ஏற்றி இந்தச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். மாமரம் நாலு இருந்தது, அது அங்கேயே போயிற்று. அம்மா கடைசிவரை புலம்பியது வீட்டுக்காக இல்லை, அந்த மாமரத்துக்காகத்தான். இதற்கும் ஒரு வசனம் வைத்திருந்தார்கள். அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் 26. தேவன் "குடியிருப்பின் எல்லைகளையும் குறித்திருக்கிறார்" என்று அதில் வரும். இனத்துக்கு இனம் எல்லை தேவன் போட்டது என்று அவர்களுடைய இறையியலாளர்கள் அறிக்கையே எழுதினார்கள். அதே வசனம் எப்படி ஆரம்பிக்கிறது? சகல ஜனங்களையும் "ஒரே இரத்தத்தினாலே" தோன்றப்பண்ணி என்று. வசனத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு தலையை விட்டுவிட்டார்கள்.

இதை எதிர்த்து எழுந்ததுதான் கட்டுரையாளர் மேல்நாட்டுச் சரக்கு என்கிற அந்த இறையியல். எங்களுக்கு அது மேல்நாடு இல்லை, கொல்லைப்புறம். 1982இல் கனடாவில் ஒட்டாவா நகரில் உலக சீர்திருத்த சபைகளின் கூட்டம் நடந்தபோது, நிறப்பிரிவினைக்கு வேதத்தில் நியாயம் கற்பிப்பது கள்ளப்போதகம் என்று அறிவித்தார்கள். எங்கள் நாட்டுப் பாஸ்டர் ஆலன் பூசாக்கை அந்த அமைப்புக்கே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நிறமுள்ளவர்களின் அந்தச் சபை அதே வருஷம் எழுதி 1986இல் ஏற்றுக்கொண்ட பெல்ஹார் விசுவாச அறிக்கை, ஏழைகளும் அநியாயம் செய்யப்பட்டவர்களும் இருக்கிற பக்கம் தேவன் நிற்கிறார், சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்கிறது. 1985இல் கைரோஸ் ஆவணம், எங்கள் நாட்டு இறையியலாளர்கள் சேர்ந்து எழுதியது. ரோமர் 13ஐக் காட்டி அரசாங்கத்துக்கு அடங்கு என்கிறவர்களை அது ஒரு பிடி பிடித்தது. நெருக்கடிநிலைக் காலம் அது. எங்கள் தொழிற்சங்கத்தில் அதன் நகலைத் துணிக்கட்டுக்கு நடுவே வைத்து ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தாள். தேநீர் இடைவேளையில் நாலு பேர் வாசித்தோம்.

எவ்வளவு நல்ல ஆவணம்! ஆனால் அதில் பெண்களின் பாடு தனியாகப் பேசப்படவே இல்லை. பின்னால் பெண் இறையியலாளர்கள் அதைச் சுட்டிக்காட்டியபோதுதான் எனக்கும் உறைத்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பு இறையியலுக்கு அஸ்திவாரம் போட்ட ஜேம்ஸ் கோன் 1969இல் முதல் புத்தகம் எழுதினார். அதில் மனிதன் என்றாலே ஆண்தான். 20 வருஷம் கழித்து அதே புத்தகம் மறுபடி அச்சானபோது, பெண்களின் ஒடுக்குமுறையைத் தான் காணாமல் விட்டது வெட்கக்கேடு என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. இந்தப் பக்கம் 1989இல் கானா நாட்டு மெர்சி அம்பா ஒடுயோயே, ஆப்பிரிக்கப் பெண் இறையியலாளர்களை அக்ராவில் கூட்டி ஒரு வட்டம் தொடங்கினார். வெள்ளைக்காரச் சபையை மட்டும் கேள்வி கேட்பதில்லை அவர்கள், சொந்தப் பண்பாட்டையும் சேர்த்துக் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சரோஜினி நாடார் இருக்கிறார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் பாலினமும் சமயமும் என்ற பாடப்பிரிவை நடத்தினார். இப்போது வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில், பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் பெயரில் உள்ள பேராசிரியர் இருக்கையில் இருக்கிறார். நம் முகச்சாயலில் ஒருத்தி வேதத்தைப் பற்றிப் பேசி உலகம் கேட்கிறதே என்று எனக்கு ஒரு பெருமை. இருக்கட்டுமே.

மேல்நாட்டுச் சரக்கு என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பாட்டியின் அம்மா வட ஆற்காட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறி வந்தவள். கரும்புத் தோட்டத்தில் ஆணுக்கு மாசம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு 5. அரிசியும் பாதி. நூறு ஆணுக்கு நாற்பது பெண் கப்பலில் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அவளைக் கொண்டுவந்ததே எண்ணிக்கைக்காகத்தான். அவளிடமிருந்து பாட்டிக்கு வந்த கதை ஆகார் கதை. சாராயின் அடிமைப்பெண், எகிப்து தேசத்தாள், பிள்ளையோடு வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்டவள். வேதத்தில் தேவனுக்குப் பெயர் வைத்த பெண் அவள் ஒருத்திதான் என்று பாட்டி சொல்லுவாள். "நீர் என்னைக் காண்கிற தேவன்." பாட்டி இன்னொன்றும் சொல்லுவாள்: "தேவன் ஆகாருக்கு விடுதலை கொடுக்கவில்லைடி. கண்ணைத் திறந்து தண்ணீர்த் துரவைக் காட்டினார். நமக்கும் கப்பல் திரும்பவில்லை, துரவுதான் கிடைத்தது."

1993இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண் டெலோரஸ் வில்லியம்ஸ் ஆகாரை வைத்து ஒரு பெரிய புத்தகம் எழுதினார். தேவன் எப்போதும் விடுவிக்கிறவராக மட்டும் வருவதில்லை, பிழைத்துக் கிடக்க வழி காட்டுகிறவராகவும் வருகிறார் என்பது அதன் சாரம். மருமகள் அதை எனக்கு விளக்கிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பாட்டி பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். அவள் எங்கிருந்து இறக்குமதி செய்தாள்?

அந்த மருமகள்தான் என்னை 2003இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஒரு வேதபாட வகுப்புக்கு அழைத்துப் போனாள். அங்கே உஜாமா மையம் என்று பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு இடம் இருக்கிறது. தாமார் இயக்கம் என்று நடத்தினார்கள். ஒரு சபை மண்டபத்தில் முப்பது பெண்கள், பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் கறுப்பினத்தவரான சூலுப் பெண்கள், எங்களில் ஆறேழு பேர். 2 சாமுவேல் 13ஐ உரக்க வாசித்தார்கள். தாவீதின் மகள் தாமாரை அண்ணன் முறையுள்ள அம்னோனே கெடுத்த கதை. அப்புறம் நாலைந்து கேள்விதான். கதையில் யார் யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு ஆணும் என்ன செய்தான்? தாமார் என்ன சொன்னாள்? உங்களுக்குத் தெரிந்த தாமார் உண்டா?

52 வயது எனக்கு அப்போது. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போனவள். அந்த அதிகாரத்தில் ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை. தாமார் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள்! "வேண்டாம், என் சகோதரனே" என்று தொடங்கி நியாயம் எடுத்துச் சொல்கிறாள். நாலு ஆண்கள் அவளைச் சுற்றி, ஒருத்தன் யோசனை சொல்ல, ஒருத்தன் செய்ய, அப்பன் கோபப்பட்டதோடு சரி. கூடப்பிறந்த அப்சலோம் சொல்கிறான்: "நீ மவுனமாயிரு, அவன் உன் சகோதரன்." இந்த வரி வந்ததும் மண்டபத்தில் யாரோ ஒருத்தி தேம்பினாள். எனக்குப் பக்கத்தில் இருந்த சூலு அம்மா, என் வயதுதான், எங்கள் மாமாவும் இதையேதான் சொன்னார் என்றாள். மேலே ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள் என்ற கொரிந்தியர் வசனத்தை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம், தாமார் பேசின வசனத்தை ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நாங்கள் பேசிக்கொண்டோம்.

அன்று இடைவேளையில் தேநீர் கொடுத்தார்கள். ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பைகள், ஒரே மேஜையில். அந்தச் சூலு அம்மா எடுத்து எனக்கு ஒன்று நீட்டினாள். வாங்கும்போது என் வீட்டுச் சமையலறை கண்ணுக்கு வந்தது. எங்கள் வீட்டில் துணி துவைக்க வாரம் இரண்டு நாள் ஒரு சூலுப் பெண் வருவாள். அவளுக்கென்று ஒரு எனாமல் குவளை, நீல விளிம்பு போட்டது, தொட்டிக்கு அடியில் சோப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருப்போம். இந்த நாட்டில் பல வீடுகளில் உண்டு, வெள்ளைக்காரர் வீட்டிலும் உண்டு, எங்கள் வீடுகளிலும் உண்டு. உங்கள் ஊர் டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றிப் பத்திரிகையில் படித்து நான் உச்சுக் கொட்டியிருக்கிறேன். என் தொட்டிக்கு அடியில் இருந்தது என்னவாம்?

மறுநாள் அவளுக்கு எங்கள் பீங்கான் கோப்பையில் தேநீர் கொடுத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். அவள் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மா, என் குவளை எங்கே? இதில் கொஞ்சம்தான் பிடிக்கும்" என்றாள். நல்ல வேளை, நான் அதைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை. அப்புறம் நானும் ஒரு பெரிய எனாமல் குவளை வாங்கிக்கொண்டேன். இரண்டும் இப்போது ஒரே கொக்கியில் தொங்குகின்றன.

இதைக் கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். சுவிசேஷத்துக்கு நிறமில்லை என்கிறார். சுவிசேஷத்துக்கு இல்லாமல் இருக்கலாம், குவளைக்கு இருந்ததே. தமிழ்நாட்டிலும் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலுக்குள் சாதிக்குச் சாதி சுவர் வைத்து ஆராதித்தார்களே, 1910இல்தானே இடித்தார்கள்? அந்தச் சுவரும் ஒருவேளை சிலருடைய பலவீனத்தினிமித்தம் எழுந்ததுதானோ என்னவோ.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதாவிட்டால் கடிதம் பொய்யாகிவிடும்.

போன வருஷம் பேத்தி வந்து, தான் ஒரு பையனை விரும்புவதாகச் சொன்னாள். பள்ளியில் கணக்கு வாத்தியார். சூலு. அவள் முகத்தைப் பார்த்து நான் சொன்னேன்: "எனக்கு ஒன்றுமில்லைம்மா. உன் பெரியப்பாவுக்குச் சங்கடமாக இருக்கும்."

சொல்லி முடித்ததும் என் காதிலேயே விழுந்தது.

எங்கள் வீட்டில் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1949 ஜனவரியில் கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் காட்டோ மேனரில் அம்மாவின் வீடு எரிந்தது. நான் பிறக்க இரண்டு வருஷம் இருந்தது. அம்மா அந்தக் கதையை எங்களுக்குச் சோற்றோடு ஊட்டினாள். 2021 ஜூலையில் கடைகளைச் சூறையாடிய கலவரத்தின்போது பக்கத்து ஃபீனிக்ஸில் நம்மவர்கள் தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டு நின்றபோது கொல்லப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் அநேகமாக எல்லாரும் கறுப்பர்கள். அந்த ஞாயிறு எங்கள் சபையில் பாதுகாப்புக்காக ஸ்தோத்திரம் சொன்னோம். செத்தவர்களுக்காக ஜெபித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர்களுடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

பேத்தி என்னோடு சண்டை போடவில்லை. வேதாகமத்தை எடுத்து எண்ணாகமம் 12ஐ வாசித்தாள். மோசே "எத்தியோப்பியா தேசத்து ஸ்திரீயை" விவாகம்பண்ணினதால் மிரியாமும் ஆரோனும் அவனுக்கு விரோதமாகப் பேசுகிறார்கள். கர்த்தருக்குக் கோபம். மிரியாம் உறைந்த மழைபோல வெள்ளைவெளேரென்று குஷ்டரோகியாகிறாள். கறுத்த பெண்ணைப் பேசினவளுக்கு வெளுப்பே தண்டனை! இத்தனை வருஷம் படித்தும் நான் இதைக் கவனித்ததில்லை. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் விடவில்லை. "பாட்டி, இரண்டு பேரும்தானே பேசினார்கள். குஷ்டம் மிரியாமுக்கு மட்டும் ஏன்?" என்றாள். அடுத்து, "அந்த எத்தியோப்பியப் பெண்ணுக்கு என்ன பெயர்? அவள் ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை?" என்றாள்.

நிறமும் பெண்ணும் ஒரே அதிகாரத்தில் இப்படி முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. ஒன்றை அவிழ்த்து ஒன்றை விட்டுவிடலாம் என்கிறீர்களே, எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நான் பாஸ்டரிடம் கேட்டேன். ஆரோன் பிரதான ஆசாரியன், குஷ்டம் வந்தால் ஊழியம் செய்ய முடியாதே ஆன்ட்டி, அதனால்தான் என்றார். சரிதான். குவளை கழுவுகிறவளுக்கு வந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

இந்தப் பேத்தி கொஞ்சம் நிறம் மட்டு. அவள் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியம் சொன்னார்கள்: "கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்." நானும் சொன்னேன், வேதாகமத்தின் உன்னதப்பாட்டே அப்படித்தானே சொல்கிறது என்று. "நான் கறுப்பாயிருந்தாலும், அழகாயிருக்கிறேன்." அந்த இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ஒரே ஒரு எழுத்து, அதை "ஆனாலும்" என்றும் வைக்கலாம், "உம்" என்றும் வைக்கலாம் என்று மருமகள் சொன்னாள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் "கறுப்பும் அழகும்" என்றுதான் இருக்கிறதாம். லத்தீனில் அது "கறுப்பு, ஆனாலும் அழகு" ஆகி, இங்கிலீஷிலும் அப்படியே வந்து, தமிழுக்கும் "இருந்தாலும்" என்று வந்திருக்கிறது. இதைச் சொன்னால் எளிய விசுவாசியின் மனம் புண்படுமாம். என் மனம் புண்படவில்லை. 74 வருஷமாக என் தோலில் ஒட்டியிருந்த ஒரு "இருந்தாலும்" உதிர்ந்த மாதிரி இருந்தது. நான் சோப்பும் களிம்பும் வாங்கிய காசையெல்லாம் இப்போது கணக்குப் பார்த்து என்ன பயன்!

பெரியப்பாவுக்குச் சங்கடம் இன்னும் இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டு மாமன்மார் லொபோலா பேச வந்தபோது நடுவீட்டில் உட்கார்ந்து நன்றாகத்தான் பேசினார். சூலு வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்கு மாடு கொடுக்க வேண்டும், பதினோரு மாடு, அதில் ஒன்று பெண்ணைப் பெற்றவளுக்கு. இப்போது பணமாகத்தான் பேசுகிறார்கள். வரதட்சிணை கொடுத்தே நொடித்த எங்கள் குடும்பத்தில் பெரியப்பாவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. பெண்ணை வைத்து எந்தப் பக்கம் பேரம் பேசினாலும் பேரம்தானே என்று பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளும் அந்தப் பையனும் என்ன முடிவெடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் சொல்லவில்லை. டிசம்பரில் கல்யாணம்.

எல்லாச் சபையும் எங்கள் சபை மாதிரி இல்லை. தெற்கு ஆப்பிரிக்க ஆங்கிலிக்கன் சபையில் 1992லிருந்து பெண்கள் குருமார். மெதடிஸ்ட் சபைக்கு 2019இல் பியூரிட்டி மலிங்கா தலைமைப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், எங்கள் நட்டால் பக்கத்துக்காரர். உங்கள் தென்னிந்தியத் திருச்சபையிலும் நந்தியாலில் புஷ்பலலிதா என்ற அம்மா 2013லேயே பேராயர் ஆனாரே. அவர்கள் கையால் அப்பம் வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் இடத்தில்தான் 40 குவளைத் தட்டு இவ்வளவு பாரமாக இருக்கிறது.

இந்த வருஷம் ஜனவரியில் நான் பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். இனி குவளை கழுவ வரமாட்டேன், எனக்கு ஆட்சேபனை ஒன்றுமில்லை, என் சுண்டுவிரலுக்குத்தான் சங்கடமாக இருக்கிறது என்று. அவர் சிரித்தார். முதல் மாதம் மூப்பர்கள் இருவர் கழுவினார்கள். அடுத்த மாதம் குவளையின் அடியில் பழைய பிசுக்கு ஒட்டியிருந்ததை ஒரு சிறுவன் எல்லார் காதிலும் விழும்படி அவன் அம்மாவிடம் சொன்னான். மூன்றாம் மாதம் யார் கழுவுவது என்று மூப்பர் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியதாகக் கேள்வி. ஏப்ரலில் போனால் தட்டில் பிளாஸ்டிக் குவளைகள். குடித்துவிட்டு வாசலில் உள்ள பையில் போட்டுவிட வேண்டும். ஆயிரம் உள்ள பெட்டி இரண்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். தட்டைத் தூக்கி வந்தவன் அதே பையன்தான், இப்போது அவனுக்கு மீசை கனமாக முளைத்திருக்கிறது.

கண்ணாடிக் குவளைகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அட்டைப்பெட்டியில் கட்டி மேலே போட்டிருக்கிறோம் என்றார்கள். 120இல் 113 இருக்கிறதாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.

பின்குறிப்பு: பெயர் போட வேண்டாம். எங்கள் சபையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நான் போக மூன்று பேர். மூன்று பேரும் மூப்பர்கள்.